கரடிப்பாறைப் பாதையில் பானுப்பிரியா

காட்டுக்குள் நடக்க வருகிறவர்களிடம் பெயர் கேட்பதற்கு முன்பே பானுப்பிரியா தீப்பெட்டியைக் கேட்டுவிடுவாள். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்பாள். தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட் எல்லாம் அதில் விழ வேண்டும். அதன் பிறகுதான் பாதை திறக்கும்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்தது வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்துக் கிராமம். பத்தாம் வகுப்பு முடித்த மறுவருஷமே பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியவள், பதினேழு வருஷம் தரைச்சக்கரத்துக்கு மருந்து அடைத்தாள். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் நாலு அறை தள்ளி மருந்து கலக்கும் அறை வெடித்தது. எல்லோரும் முள்வேலியைப் பார்த்து ஓடினார்கள். வேலிக்கு அப்பால் நின்று திரும்பிப் பார்த்தபோது, தினமும் வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரும் வெள்ளைத்தாயைக் காணவில்லை. சாயங்காலம் வரை பானுப்பிரியா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். மருந்தைத் தொட்டதும் கை நடுங்கியது. போர்மேன் செந்தூர்பாண்டி மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் வெளியே கூப்பிட்டார்.

"தாயி, இந்தக் கையோட இங்கன உக்காரக்கூடாது. உனக்கும் ஆகாது, மத்தவுகளுக்கும் ஆகாது. கோவிச்சுக்கிடாத."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரிதான் என்று தெரிந்தது.

கணவன் முனியராஜுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக் காவல் கிடைத்தது. குடும்பத்தோடு அங்கே போனார்கள். கோடை வருமுன் காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்ட வனத்துறையினர் ஆள் எடுத்தார்கள். காய்ந்த புல்லையும் சருகையும் அகலமாக வழித்து, மண் தெரியும்படி வைப்பதுதான் வேலை. மற்ற பெண்கள் ஆறடி வழித்தால் அவள் எட்டடி வழித்தாள். காட்டுக்குள் நடைப்பாதைகளைத் திறந்து, வழிகாட்டிகளாக உள்ளூர்க்காரர்களைச் சேர்த்தபோது அவள் பெயரும் பட்டியலில் வந்தது. அவளோடு வேலை பார்த்தவர் சோலைச்சாமி. மலையிலேயே பிறந்தவர், அதிகம் பேசமாட்டார். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று மூக்கை உயர்த்திச் சொல்லிவிடுவார்.

கரடிப்பாறைப் பாதை மொத்தம் ஒன்பது கிலோமீட்டர். ஓடையைத் தாண்டி, சாம்பல் நிற அணில்கள் கூடு கட்டும் பெரிய மரங்களுக்கு அடியில் போய், மூங்கில் ஓரமாக ஏறி, இடுப்பு உயரப் புல்மேட்டில் முடியும். மேட்டின் உச்சியில் மொட்டைப் பாறை. பார்க்க வந்தவர்கள் மரத்தையும் மலையையும் படம் எடுப்பார்கள். பானுப்பிரியா தலைகளை எண்ணுவாள். ஒவ்வொரு வளைவிலும் எண்ணுவாள். எங்கோ தோப்பில் சருகு எரித்த வாசம் காற்றில் வந்தால்கூட, எந்தப் பக்கத்திலிருந்து என்று நின்று பார்த்துவிட்டுத்தான் நடப்பாள்.

போன வருஷம் பிப்ரவரியில், கோடைக்காகப் பாதையை மூடுவதற்கு முந்தைய சனிக்கிழமை. கார்த்திகைக்குப் பிறகு மழையே இல்லை. புல் உரசினாலே நொறுங்கியது. விருதுநகரிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள், எல்லோரும் சொந்தக்காரர்கள். அவர்களில் பெரியவர் நவநீதகிருஷ்ணன், பருப்பு மொத்த வியாபாரி. டப்பாவைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏம்மா, இது என்ன ஏர்போர்ட்டா?"

"காடு காஞ்சு கெடக்கு அண்ணாச்சி. வச்சிருந்தீகன்னா இதுல போட்டுருங்க. திரும்பி வரும்போது தந்துருவோம்."

ஒரு தீப்பெட்டியைப் போட்டார். கால்சட்டைப் பை இன்னும் புடைத்திருந்தது. பானுப்பிரியா அதைப் பார்த்தாள். பெரிய மனிதர், வயதில் மூத்தவர், சட்டென்று எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாள்.

ஓடையில் புதிய யானை லத்தி கிடந்தது. சோலைச்சாமி குனிந்து தொட்டுப் பார்த்து, "விடியக்காலம் போயிருக்கு. குட்டியும் இருக்கு" என்றார். அவர் முன்னால் போக, பானுப்பிரியா நடுவில் நடந்தாள். புல்மேடு தொடங்கும் இடத்தில் எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்துதான்.

"அண்ணாச்சி எங்க?"

அவருடைய மைத்துனர் திரும்பிப் பார்த்தார். "பின்னாலதான் வந்தாக. ஒதுங்கப் போயிருப்பாக."

காற்று கீழேயிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு பொறி விழுந்தால், அது இந்தப் புல்மேட்டை வந்து சேர எத்தனை நிமிஷம் ஆகும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது.

"சோலை, அம்புட்டுப் பேரையும் மொட்டப்பாறை மேல ஏத்திருங்க. புல்லுல ஒருத்தரும் நிக்கவேணாம். நான் போயிப் பாத்துட்டு வாரேன்."

இரண்டு வளைவு இறங்கியதும் சிகரெட் வாசம் வந்தது. கத்திக் கூப்பிடவும் பயம், யானை நிற்கும் காடு. வாசத்தைப் பிடித்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கினாள். வறண்ட ஓடைக்குள் நவநீதகிருஷ்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. முன்னால் ஒரு குத்துக் காய்ந்த புல்லைக் கூட்டி வைத்திருந்தார். கையில் லைட்டர்.

எதிர்க்கரையில் நாற்பதடி தூரத்தில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. இலைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு அசைந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே சின்னதாக இன்னொன்று.

"யானைம்மா," என்றார் அவர். முகமெல்லாம் வியர்வை. "தீயப் பாத்தா ஓடிரும்."

பானுப்பிரியா அவர் பக்கத்தில் மண்டியிட்டு, லைட்டரோடு சேர்த்து அவர் கையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, காத்து மேலதான் அடிக்குது. மேல உங்க ஆளுக பத்துப் பேரு நிக்காக. கொளுத்தாதீக."

"அது வந்து மிதிச்சுப்புட்டா?"

"அசையாம இருந்தா போயிரும். குட்டி வச்சிருக்கு, அதுக்கும் பயந்தான். பேசாதீக."

அவர் கையை இழுத்தார். அவள் விடவில்லை. தாய் யானை காதுகளை விரித்துத் திரும்பியது. தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. ஓர் அடி முன்னால் வைத்தது. சரளைக் கல் உருண்டு ஓடைக்குள் விழுந்தது. பானுப்பிரியாவுக்கு யானையைக் காட்டிலும் தன் கைகளுக்குள் இருந்த அந்தச் சின்ன லைட்டர்தான் பெரிதாகத் தெரிந்தது. அவருடைய கட்டைவிரல் இன்னும் அதன் சக்கரத்தின் மேல் இருந்தது.

எவ்வளவு நேரம் போனதென்று இருவருக்கும் தெரியாது. குட்டி ஏதோ சத்தம் கொடுத்தது. தாய் திரும்பி, அதைத் தள்ளிக்கொண்டு ஓடையின் கீழ்ப்பக்கமாக இறங்கியது. மூங்கில் முறியும் சத்தம் தேய்ந்து நின்றது. நவநீதகிருஷ்ணன் லைட்டரை விட்டுவிட்டு மேல்மூச்சு வாங்கினார்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

"குடிச்ச சிகரெட்ட எங்க போட்டீக?"

"அங்கன... மேல வளைவுல. கால் வழுக்கும்போது கையில இருந்துச்சு. எங்க விழுந்துச்சோ தெரியல."

பானுப்பிரியா கரையேறி ஓடினாள். அவர் சறுக்கிய தடம் தெரிந்தது. மண்டியிட்டுச் சருகை ஒவ்வொன்றாக விலக்கினாள். கண்ணில் எதுவும் படவில்லை. தரையோடு முகத்தை வைத்து மோந்தாள். இடது பக்கம், ஒரு தேக்கிலையின் அடியிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்துகொண்டிருந்தது. இலையின் ஓரம் கறுத்து, உள்ளே சிவப்பாகக் கனன்றது. அதற்கு ஒரு முழம் தள்ளிப் புல் தொடங்கியது.

வெறும் விரலால் கங்கைக் கிள்ளி நசுக்கினாள். பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றி, மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தாள். மறுபடி கிளறிப் பார்த்தாள், மறுபடி மிதித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

சோலைச்சாமியும் மைத்துனரும் சேர்ந்து நவநீதகிருஷ்ணனைத் தாங்கிக்கொண்டு இறக்கினார்கள். சோதனைச் சாவடியில் இருந்த வனவர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"கால் வழுக்கிருச்சு, அம்புட்டுத்தான்," என்றார் நவநீதகிருஷ்ணன், பானுப்பிரியாவைப் பார்த்தபடி.

பேசாமல் இருந்திருந்தால் காரியம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். பையைப் பார்த்தும் கேட்காமல் விட்டது தன் தவறு என்பதையும் சேர்த்துச் சொன்னாள். லைட்டரை மேஜைமேல் வைத்தாள். அபராதம் எழுதினார்கள். நவநீதகிருஷ்ணன் யாரையோ தெரியும் என்று சத்தம் போட்டுவிட்டுக் காரில் ஏறினார். சொந்தக்காரர்கள் தலையைக் குனிந்தபடி பின்னால் போனார்கள்.

முனியராஜ் வீட்டில் கடிந்துகொண்டான். "பெரிய எடத்து ஆளு. உன் வேலைக்கு வேட்டு வச்சுப்புட்டாருன்னா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. பாதை மூடியிருந்த மாதங்கள் முழுவதும் போன் அடித்தால் திடுக்கிட்டாள். கோடை மழை பெய்து புல் துளிர்த்த பிறகு கூப்பிட்டார்கள். வேலை போகவில்லை. இப்போது அவள் வரிசையின் கடைசியில் நடக்கிறாள். ஆண்களின் பைகளைச் சோதிக்க ஒரு காவலர் நிற்கிறார்.

ஆடி மாதம் ஒருநாள், சாவடியில் நம்பர் வாங்கி, விருதுநகரிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நவநீதகிருஷ்ணனின் மனைவி.

"அவுக பேசமாட்டாக, அதான் நான் பேசுறேன். யானைய அவுகதான் வெரட்டுனதா வீட்டுல சொல்லிக்கிட்டு இருக்காக. நெசமாம்மா?"

"யானை அதுபாட்டுக்குப் போயிருச்சுக்கா," என்றாள் பானுப்பிரியா. "அண்ணாச்சிக்கு இப்பக் கால் எப்படி இருக்கு?"