நீலச் சட்டை ஜெயித்த காலை

எங்கள் சித்தப்பா மெக்சிகோவுக்குப் போவதா, சூளகிரியில் பெண் எடுப்பதா என்பதை ஒரு கால்பந்து ஆட்டம் தீர்மானிக்கும்படி ஆயிற்று. அதற்குக் காரணம் அவரேதான்.

ஓசூர் சிப்காட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு மெக்சிகோவிலும் ஒரு தொழிற்சாலை இருந்தது. புது மெஷின் பூட்டச் சில மாதங்கள் அங்கே அனுப்பினார்கள். திரும்பி வந்தவருக்கு அந்த ஊர்க் கால்பந்து லீக்கின் பைத்தியம் பிடித்திருந்தது. நீலச் சட்டை அணி அவருடையது. டிசம்பரில் கடைசிச் சுற்றுகள் தொடங்கும். பட்டியலில் மேலே இருக்கும் எட்டு அணிகள் மட்டும் மிஞ்சி, இரண்டிரண்டாக மோதும். அங்கே இரவு ஆட்டம், எங்களுக்குக் காலை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கி, பல்கூடத் தேய்க்காமல் மொட்டை மாடியில் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். நான் அவர் போர்வைக்குள் நுழைந்துகொள்வேன். பனியில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியாது. சுற்றிலும் வெள்ளை. நடுவில் உள்ளங்கையளவு புல்வெளி, அதில் விளக்கு வெளிச்சத்தில் ஓடும் மனிதர்கள். அவர்களுக்கு இன்னும் நேற்றே முடியவில்லை என்பார் சித்தப்பா. நேற்றைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

கம்பெனி மறுபடியும் போகச் சொன்னது. இந்த முறை வருடக்கணக்கில். அப்பாவுக்கு முந்தைய வருடம்தான் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வலது கை விரல்கள் போயிருந்தன. வாட்ச்மேன் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். வீடு சித்தப்பா சம்பளத்தில்தான் ஓடியது. சித்தப்பாவைப் பிடித்து நிறுத்த அம்மா சூளகிரியில் பெண் பார்த்து வைத்தாள். தினமும் சண்டை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது சித்தப்பா சலித்துப்போய்ச் சொன்னார்.

"இப்படிப் பண்ணலாம் அண்ணி. எங்க நீலம் இந்தக் கால் இறுதியில ஜெயிச்சா நான் போறேன். தோத்துட்டா நீங்க காட்டற பொண்ணு கழுத்துல தாலி கட்டறேன்."

"சோத்து மேல கை வெச்சு சொல்லு."

வைத்தார்.

எதிரணி பச்சைச் சட்டை. அன்றிலிருந்து நானும் அம்மாவும் பச்சை. ஒரே ஜோடி இரண்டு முறை மோதுவது அந்த லீக்கின் வழக்கம். முதல் ஆட்டத்தில் நீலம் ஒரு கோலில் தோற்றது. அம்மா கேசரி கிண்டப் போனாள்.

"அடுப்ப அணைங்க அண்ணி, இன்னொரு ஆட்டம் இருக்குது" என்றார் சித்தப்பா.

சரி, இரண்டாவதுதான் நிஜ ஆட்டம் போலிருக்கிறது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். மெக்சிகோவில் பச்சைக்காரர்களின் கோல் கம்பத்தைக் காக்கச் சொல்லி ஓசூரில் ஒரு மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்தப்பட்டது.

இரண்டாவது ஆட்டத்தன்று அம்மாவும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டாள்.

"யாரோ ஒருத்தன் சும்மாவே நிக்கறானே, அவன ஓடச் சொல்லு."

"அவன் கோல்கீப்பர் அண்ணி."

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. முடிகிற சமயத்தில் நீலச் சட்டை ஒருவன் தலையால் முட்டினான். பந்து வலைக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம், நீலம் ஜெயித்துவிட்டது. அம்மா எழுந்து நின்று சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். ஜெயித்தீர்களா என்று கீழேயிருந்து வீட்டுக்காரம்மா கன்னடத்தில் கத்தினாள். ஜெயித்தோம் என்று சித்தப்பாவும் கன்னடத்தில் பதில் சொன்னார்.

"போயிட்டு வா. சோத்து மேல கை வெச்சுட்டியே" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனாள்.

எனக்கு அழுகை வந்தது. போனில் நீலச் சட்டைக்காரர்கள் புல்லில் குப்புறக் கிடந்தார்கள். பச்சைச் சட்டைக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். மைதானம் முழுக்கப் பாட்டு.

"தோத்தவங்க ஏன் சித்தப்பா ஆடறாங்க?"

"அந்த ஊரு அப்படி பாப்பா" என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

நம்பினேன். பொங்கலுக்கு முன்பே அவர் போய்விட்டார். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அப்பாவுக்கு வேலை அமையவில்லை. நான் எட்டாவதோடு நின்றேன். பிறகு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கிறேன்.

கோவாவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். அங்கே இருந்த சமையல்காரரும் காலையில் அதே லீக்கைப் பார்க்கிறவர். அவர்தான் சொன்னார்: இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்ட வேண்டுமாம். சமமாக வந்தால், பட்டியலில் மேலே இருந்த அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகுமாம். அந்த வருடத்துப் பட்டியலைத் தேடச் சொன்னேன். கூட்டினால் சமம்தான். பட்டியலில் பச்சை மேலே இருந்தது.

அப்படியென்றால் அன்று நீலம் வெளியே போயிருக்கிறது. சொன்ன சொல்படி சித்தப்பா சூளகிரிப் பெண்ணைக் கட்டியிருக்க வேண்டும். அவருக்கு அது தெரியும். எங்களுக்குத் தெரியாது. அந்த மைதானத்தில் அத்தனை ஆயிரம் பேரும் என் கட்சி ஆட்களாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் போர்வைக்குள் தலையை விட்டு அழுதுகொண்டிருந்தேன்.