பனிமூட்டத்திலும் கேட்ட இரைச்சல்

அக்காவின் ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவுகளும் நண்பர்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நானே நம்பாத ஒன்றையும் இந்த நினைவுமடலில் எழுதப்போகிறேன்.

அக்கா பிறந்தது கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து மலையில். பிரிஞ்சாங் பள்ளிக்கு அக்கா விடியுமுன்னே காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு போவார். அப்பா தவறியபோது, பெண்பிள்ளை படித்தது போதும் என்றார்கள். அம்மாவோ மேலே படிக்க அனுப்ப அக்காவின் பெட்டியைக் கட்டினார்.

வெளிநாடு சென்று வானியல் ஆய்வாளரானார். நட்சத்திர மண்டலங்களில் உள்ள ஹைட்ரஜன் வாயுதான் அவர் வாழ்நாள் வேலை. நட்சத்திரங்களின் வெளிச்சம் முடிந்த பிறகும் அந்த வாயு வெகுதூரம் பரந்து கிடக்குமாம். கண்ணுக்குத் தெரியாது, ஏறத்தாழ ஒரு சாண் நீள வானொலி அலையாக மட்டும் வந்து சேரும். "இருட்டா இருந்தா அங்க ஒண்ணும் இல்லேன்னு நெனக்காதடா" என்பார்.

கோபக்காரர். ஆனால் தன் கணக்கில் பிழையென்றால் தானே முதலில் சொல்லிவிடுவார். நோய் முற்றியதும் அம்மாவிடமே திரும்பினார். தகரத்தில் பெரிய புனல் போன்ற ஏரியல் செய்து, சன்னல் வழியே வானத்தைப் பார்க்க வைத்தார். பனி மூடி எதிர்மலை மறைந்த பகலிலும் அதன் ஒலிபெருக்கி 'ஸ்ஸ்' என்று இரையும். பால்வீதியின் வாயுவும் அதற்குள் இருக்கிறதென்பார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அப்படியொரு பகலில்தான் அக்கா கண்மூடினார்.

சாவு வீட்டில் சாமி படங்களையும் கண்ணாடியையும் திருப்பி வைப்போமல்லவா? அந்த வேகத்தில் மாமா புனலையும் வீட்டுக்குள் திருப்பிவிட்டார். இரைச்சல் சட்டென்று கூடியது.

"வூட்டுக்குள்ள வந்துட்டா" என்றார் அம்மா.

சுவரின் சூடும் நம் உடம்புச் சூடும்தான் அப்படி இரைகிறது என்று எவ்வளவோ சொன்னேன். அக்கா சொல்லிக்கொடுத்ததுதான். அம்மா காதில் வாங்கவில்லை. புனலை யாரும் தொடக்கூடாதென்று அதன் முன்னாலேயே கிடந்தார். வெறும் காப்பித்தண்ணி, சோறு இறங்கவில்லை. மகளோடு தாயும் போய்விடுவாரோ என்று பயந்துபோனேன்.

கருமாதியன்று மாமா கெஞ்சினார். "ஆஃப் பண்ணிடு லா மாப்ள. புள்ள போக வேணாமா?"

நான் புனலை வானத்தின் பக்கம் திருப்பினேன். இரைச்சல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. மீண்டும் சரிபார்த்தேன், முன்னால் யாருமில்லை, வெளியே பனி மட்டும். காரியம் செய்ய வந்தவர் மந்திரத்தை நிறுத்திவிட்டார்.

அம்மா மெல்ல எழுந்தார். "போதும்மா. நீ போ. நான் இருந்துக்குவேன்" என்றார்.

இரைச்சல் இறங்கியது.

அக்காவைச் சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கொடுத்த திரிங்காப் தவுக்கே முதலாளிக்கும், கோயில் கமிட்டியாருக்கும் எங்கள் நன்றி. ஒயரில்தான் கோளாறு என்பவர்களுக்கும் நன்றி. நானும் அவிழ்த்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அன்று அம்மா தானாகச் சோறு கேட்டபோது, அழுதுகொண்டே பரிமாறிய பக்கத்து வீட்டு அத்தைக்கு என்ன சொல்லி நன்றி தீர்ப்பதென்று தெரியவில்லை.