ஏழுமலையின் இடைவேளை

நேற்று, சென்னீர்குப்பத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், மூன்றாம் மாடிக்காரர் ஒரு புதுப்பட லிங்க்கை அனுப்பிவைத்தார். "இது திருட்டு சார்" என்று கீழ்வீட்டு அம்மா பொரிந்து தள்ள, "நான் எதை எடுத்துட்டேன்? படம் அங்கேயேதானே இருக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்க, குழுவே ரெண்டுபட்டது. எனக்கு எங்கிருந்தோ வெங்காய சம்சா வாசம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன?

அப்போது நாங்கள் கள்ளிக்குப்பத்தில் இருந்தோம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்தவர் செல்வம் அண்ணன். படம் ரிலீஸான முதல் ஞாயிறே தன்னுடைய லோக்கல் சேனலில் அதைப் போட்டுவிடுவார். பிரிண்ட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். ஹீரோவைவிட முன்சீட்டுக்காரரின் தலைதான் அதிக நேரம் நடிக்கும். அதையும் வாய்பிளந்து பார்ப்போம்.

அம்பத்தூரில் ஒரு தியேட்டரில் சம்சா விற்ற ஏழுமலையும் எங்கள் தெருதான். ஒரு ஞாயிறு, விற்காத தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து செல்வம் அண்ணன் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"டேய் செல்வம்! நீ படத்தயா திருடுன? என் இடைவேளய இல்ல திருடிகின! தேட்டர்ல ஈ ஓட்டிகினு கீறேன், இத்த எவன் துன்னுவான்?"

"நான் போடலன்னா பக்கத்துத் தெருக்காரன் போடுவான், அண்ணாத்தே..."

"அவன் ஊட்டுக்கும் போவேன்டா!"

தெருவே வேடிக்கை பார்த்தது. செல்வம் அண்ணனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அடுத்த ஞாயிறு, படம் பாதியில் நின்றது. டிவியில் ஓர் அட்டை தெரிந்தது: 'இடைவேளை. ஏழுமலை சம்சா வருது.' வெளியே "சம்சே... சம்சே..." என்று குரல். விழுந்தடித்து ஓடினோம். கடைசி வீடுவரை விற்றுவிட்டு அவர் கைகாட்டிய பிறகுதான் மீதிப் படம். நியாயம் என்பது இவ்வளவு சுலபம் என்று நம்பிய வயது எனக்கு. தியேட்டரில் டிக்கெட் கிழித்தவரும் படம் ஓட்டியவரும் எந்த அட்டையில் வருவார்கள் என்று தோன்றவே இல்லை.

பிறகு அந்தத் தியேட்டரை இடித்தார்கள். ஏழுமலையின் பிழைப்புக்குச் செல்வம் அண்ணனின் இடைவேளை மட்டுமே மிச்சம். நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தபோது அதுவும் போயிற்று. பாவமாக இருந்தது. அன்றைக்கு அதே வாசலில் இருவரும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"சேனல மூடிட்டேன், அண்ணாத்தே. அவனவன் போன்லயே எறக்கிப் பாத்துகினு கீறான்."

"எவன்டா உடறான் அத்த?"

"யாருக்குத் தெரியும்? எங்கியோ வெளிநாடுன்றாங்கோ."

ஏழுமலை தட்டைக் கீழே இறக்கினார்.

"அப்ப நான் எவன் ஊட்டு வாசல்ல போய்டா சண்ட போடறது?"