வைகாசியில் தண்ணீர் கிடக்குமா

ஆல்ப்ஸ் மலையைக் கரும்பலகையில் நான் வரையாத வருஷமே கிடையாது. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவள். பனியாறு நகர்ந்து நகர்ந்து பள்ளம் பறிக்கும், பனி உருகினால் அந்தப் பள்ளத்தில் ஏரி நிற்கும் என்று ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லியிருக்கிறேன். "டீச்சர், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டுவிடும். பாடத்தைக் கவனி என்று அதட்டிவிட்டு நீல சாக்பீசைத் தேடுவேன். ஓய்வு பெற்றதும் அப்படி ஓர் ஏரியைப் பார்த்தே தீருவது என்று முடிவு கட்டினேன். அது எனக்கு வெறும் ஊர் சுற்றுகிற ஆசை இல்லை. கல்யாணம், காதுகுத்து, சாமி கும்பிடு என்று காரணம் எதுவும் இல்லாமல், எனக்காக மட்டும் ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்றிருந்தது.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் கேட்டதும் குதித்தாள். ஆஸ்திரியாவில் மலைக்கு நடுவே ஓர் ஏரிக்கரை ஊரில் அறை பிடித்தாள். அந்த ஊரின் பெயர் என் கணவர் வாயில் கடைசிவரை நுழையவில்லை. அவர் அரிமளத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நானும் டீச்சரும் கண்மாய் பாக்கப் போறோம்" என்று சொல்லிச் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். போனில் படத்தைக் காட்டினால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்ப்பார். நம்ம ஊர்க் கண்மாயும் நிறைந்தால் இப்படித்தான் இருக்கும் என்பார். அது நிறைந்து எத்தனை வருஷமாகிறது என்று கேட்டால் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே, பெரிய சந்தேகம் ஒன்றைக் கேட்டார்.

"வைகாசியில போறோமே, தண்ணி கெடக்குமான்னு கேட்டியா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பனி உருகுவதால் கோடையில்தான் அங்கே தண்ணீர் கூடும் என்று ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மறுபடி நடத்தினேன். கேட்டுக்கொண்டார். மறுநாள் எனக்குத் தெரியாமல் மகளுக்கு போன் போட்டு, ஓட்டல்காரனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அவளும் அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை, விசாரித்திருக்கிறாள். அந்த ஏரி வற்றி யாரும் பார்த்ததில்லை என்று அவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்களாம். எனக்கு மானம் போயிற்று. அவரோ, "எதுக்கும் கேட்டுக்கிறது நல்லதுதான்" என்றார்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சென்னைக்குப் போய் ரேகை வைத்து, விசா வாங்கி, ஸ்வெட்டர் வாங்கி, பருப்புப் பொடி அரைத்து எல்லாம் ஆயிற்று. அப்போதுதான் எங்கள் ஊர்க் கூட்டம் நடந்தது. பங்குனியில் நடக்க வேண்டிய மாரியம்மன் திருவிழா, கோயில் வேலை முடியாததால் தள்ளிக்கொண்டே வந்தது. அதை வைகாசியில் வைப்பது என்று கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முதல்நாள் காப்புக் கட்டு.

காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். எங்கள் ஊரில் இதை யாரும் மீறுவதில்லை. நானும் மீற மாட்டேன்.

என் கணவர் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சரி என்றபோது தலையாட்டியிருக்கிறார்.

"எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"ஊரே கூடியிருக்கு. நாங்க ஏரி பாக்கப் போறோம், தேதிய மாத்துங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

தேதியை யார் மாற்றச் சொன்னது? இந்தத் தேதியில் எங்களுக்குப் பயணம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கடையில் வாய் ஓயாமல் சொன்ன மனிதருக்குக் கூட்டத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. மூட்டு வலி வைத்தியத்துக்கு என்றால் சொல்லியிருப்பார். மகளுக்குப் பிரசவம் என்றால் எழுந்து நின்று சொல்லியிருப்பார். நான் ஆசைப்பட்டேன் என்பது சபையில் சொல்லத்தக்க காரணமாக அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை.

வழி சொன்னது மகள். "காப்பு கட்டுறதுக்கு முன்னாடியே எல்லைய தாண்டிருங்கம்மா. அன்னைக்கு ராத்திரி திருச்சியில தங்குங்க. எல்லைக்கு வெளிய இருக்கவங்கள காப்பு கட்டுப்படுத்தாது" என்றாள். ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு ஊர்ச் சட்டத்தின் சந்து பொந்தெல்லாம் தெரியும். இவரும் சரி சரி என்றார்.

அந்த நாளும் வந்தது. சாயங்காலம் காப்புக் கட்டு, மத்தியானமே கார் வந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றும் நேரத்தில் இவர், கோயிலில் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். தலையைக் காட்டப் போனவர் உடம்போடு அங்கேயே நின்றுவிட்டார். போன் போட்டால், மஞ்சள் அரைக்கிறார்கள், இந்தா வந்துட்டேன் என்றார். மறுபடி போட்டால், தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டார்கள், எப்படி வைத்துவிட்டு வருவது என்றார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். கிளப்புங்கள் என்றேன்.

ஊர் எல்லை, வாய்க்கால் பாலத்தோடு முடிகிறது. பாலத்தைத் தாண்டிப் புளியமரத்தடியில் காரை நிறுத்தச் சொல்லி, நான் அந்தப்பக்கம் நிற்கிறேன், சீக்கிரம் வாருங்கள் என்று அவருக்குச் சொன்னேன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டிவிஎஸ் வந்தது, பால்காரர். இன்னொன்று வந்தது, அதுவும் அவர் இல்லை. பிறகு கோயில் பக்கம் மேளம் உச்சத்துக்குப் போய், வேட்டு வெடித்தது. காப்புக் கட்டிவிட்டார்கள். அவர் அங்கிட்டு, நான் இங்கிட்டு.

போன் அடித்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார். தான் மாட்டிக்கொண்டதாகவும், நானும் திரும்பி வந்துவிட்டால் அடுத்த வருஷம் சேர்ந்தே போகலாம் என்றும் சொன்னார். நான் மாட்டிக்கொள்ளவில்லை என்றேன். உங்கள் பெட்டியை டிரைவர் திரும்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன், பருப்புப் பொடி அதில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். அவருக்குப் பின்னால் மேளம் கேட்டது.

"டீச்சர் எங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்றார்.

"கண்மாய் பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க. சபையில நல்லா கேக்குற மாதிரி சொல்லுங்க. வைகாசியிலயும் தண்ணி கெடக்குதாம்."

சொல்லிவிட்டு டிரைவரைத் திருச்சிக்கு விடச் சொன்னேன்.