ஏரோப்ளேன் பொட்டலில் சொன்ன பேர்

மஞ்சள் தண்ணீருக்கு ஒரு மண் வாசனை உண்டு. நாக்கில் பட்டதும் லேசாகக் கசந்து, தொண்டைக்குள் இறங்கிய பிறகும் பல்லிடுக்கில் மாவு மாதிரி நின்றுகொண்டே இருக்கும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, வெள்ளி டம்ளரில், ஊர் கூடிப் பார்த்துக்கொண்டிருக்க, அதை நான் ஒரே மடக்கில் குடித்தேன். குடித்து முடித்ததும் நாச்சியாபுரத்துச் சோலையப்பன் என்ற பையன் இல்லாமல் போனான். செட்டிநாட்டு ரயிலடிக்குப் பக்கத்து ஊரான மானகிரியில், பெரிய வீட்டுக்கு மெய்யப்பன் என்று ஒரு பிள்ளை வந்து சேர்ந்தான்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் "பிள்ளை கூட்டுவது" என்று பெயர். கோயில் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு ஒரு புள்ளி, வாரிசில்லாத வீட்டின் புள்ளி அதில் அற்றுப்போகக் கூடாது என்பதற்காக, பங்காளி வீட்டில் மூன்று நான்கு ஆண்பிள்ளைகள் இருந்தால் அதில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். மேளம், விருந்து, பெற்றவளுக்குப் பட்டுச்சேலை என்று கல்யாணம் போலத்தான் நடக்கும். வந்தவர்கள் எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளி, "கொடுத்து வச்ச பயடா நீ" என்றார்கள். அன்றைக்கு என்னைக் கொடுத்தவள் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் நின்று, புதுச்சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதை ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கூட்டிக்கொண்ட வீட்டம்மாள் எனக்குப் பெரியாத்தா முறை. புருசனை இழந்து தனியாக இருந்தவர். இனி அவரை "ஆத்தா" என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கானால் பெரியாத்தா என்றுதான் வாய் வந்தது. அவர் திருத்தவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. திருத்துவதற்கென்று அவருடைய மாமனாரின் தம்பி, ஒரு சின்னத்தாத்தா இருந்தார். "ஒரு வருசத்துக்குப் பெத்தவ இங்குட்டு வரப்படாது, இவனும் அங்குட்டுப் போகப்படாது. போயி வந்துக்கிட்டிருந்தா புள்ள மனசு ஒட்டாது" என்று அவர் சட்டம் போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். சட்டம் போடுகிறவர்கள் எப்போதும் அப்படித்தான், போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குள் குடியிருப்பது நாம்தானே!

நாச்சியாபுரம் ஒன்றும் ரங்கூன் இல்லை, பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தை ஒரு வருஷமாக்கி வைத்திருந்தார்கள். ஊரே உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பந்திக்கட்டில் பெரியாத்தாவும் நானும் மட்டும் இரண்டு இலை போட்டுச் சாப்பிடுவோம். ரசத்தை உறிஞ்சினால் அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், கூச்சமாக இருக்கும். நாச்சியாபுரத்தில் நாலு பேர் ஒரே பாயில் உதைத்துக்கொண்டு தூங்கிய எனக்கு இங்கே தனி அறை, தனிக் கட்டில், கேட்டதெல்லாம் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டுக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நாச்சியாபுரம் போர்டு போட்ட பஸ் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கலுக்காவது ஆத்தாவைப் பார்க்க விடுவார்களா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கேட்கப் பயம்.

அந்த மார்கழியில்தான் அந்த அம்மாள் வந்தார். வாடகைக் கார் ஓட்டிய திருப்பத்தூர்க்காரர் வாசலில் நின்று, "ஆச்சி, இருக்கீகளா? கனடாவுலேருந்து ஒரு அம்மா வந்திருக்காக. நம்ம ஏரோப்ளேன் பொட்டலப் பாக்கணுமாம். வழி சரியாத் தெரியல" என்று குரல் கொடுத்தார். அது இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்கார ராஜாங்கம் விமானம் இறக்கப் போட்ட தளம். கனடா என்றால் வெள்ளைக்காரி வருவாள் என்று எட்டிப் பார்த்தேன். வந்தவருக்கு மாநிறம், கறுகறுவென்று நீளச் சடை, முப்பத்தைந்து வயதிருக்கலாம். சேலை கட்டிவிட்டால் மானகிரியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

பெரியாத்தா உட்காரவைத்துக் காப்பியும் சீயமும் கொடுத்தார். கான்வென்ட் இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால் இரண்டு பேருக்கும் நடுவில் நான். அந்த அம்மாள் ஒரு போட்டோவை நீட்டினார். விமானத்தின் இறக்கைக்குக் கீழே எண்ணெய்க் கையோடு ஓர் இளைஞர், பின்னால் பனைமரங்கள். அவருடைய தாத்தா, அந்த நாட்டின் பூர்வகுடியில் பிறந்து, ராஜாவின் விமானப்படையில் இயந்திரம் பழுது பார்க்க இங்கே வந்தவர். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது கூட இருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கெல்லாம் நிலம் கிடைத்ததாம், இவருக்குக் கையை விரித்துவிட்டார்களாம். சண்டைக்கு ஆள் கேட்டபோது சொந்தக்காரர், நிலம் பிரித்தபோது வேற்றாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"தாத்தா சொல்லித்தான் வந்தாகளா, கேளு" என்றார் பெரியாத்தா.

தாத்தாவை அவர் பார்த்ததே இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே அரசாங்கம் எடுத்துப்போய் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டது. வளர்ந்த பிறகு தேடிப் போய்த்தான் ஒரு மாமாவிடம் இந்தப் போட்டோ கிடைத்தது என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் பெரியாத்தாவின் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "அடி ஆத்தே! கூட்டிக்கிட்ட புள்ளையா நீங்க? நம்ம பயலும் அப்படித்தான்!" என்று அவசரமாக உள்ளே போய், குங்குமச் சிமிழும் மடிப்புக் கலையாத ஒரு சுங்குடிச் சேலையும் கொண்டுவந்தார். "மஞ்சத்தண்ணி குடுத்தது யாரு? விருந்து எத்தன பந்தி? பெத்தவளுக்கு நல்ல சேலையா எடுத்துக் குடுத்தாகளா? எல்லாம் கேளு." அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே முறைதான், பிள்ளை கைமாறினால் அங்கே மேளம் இருந்திருக்க வேண்டும், பெற்றவளைக் கும்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

நான் கேட்டேன். அந்த அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். விருந்து இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. கார் வந்தது, தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா காருக்குப் பின்னால் ஓடிவந்தாளாம், ரோடு திரும்புகிற வரைக்கும். இவர் ஊரைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை.

"என்னடா சொல்றாக?" என்றார் பெரியாத்தா.

"அவுக ஆத்தா பின்னாலேயே ஓடியாந்துச்சாம்" என்ற வரையில்தான் என்னால் சொல்ல முடிந்தது. அதற்குமேல் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நிறுத்த முயன்றேன், விக்கல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. பெரியாத்தா என்னையே பார்த்தார்.

"நீ அழுகுறது அவுகளுக்கா, உனக்கா?"

"எனக்கு" என்றேன்.

பெரியாத்தா சிமிழை நீட்டி அந்த அம்மாளையே குங்குமம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கார்க்காரரைக் கூப்பிட்டு, "பொட்டலக் காட்டிட்டு, அப்படியே இவனக் கொண்டுபோயி நாச்சியாபுரத்துல விட்டுருங்க. பொங்கல் கழிச்சு வரட்டும். சின்ன மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். நான் காரில் ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, என்னிடம் மட்டும் கேட்டார்: "வந்துருவீல்ல?" அந்தப் பெரிய வீட்டில் என்னைவிடத் தனியாக இன்னொருத்தர் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பொட்டலில் வெடித்துப்போன தளமும் ஆடுகளும் காற்றும்தான் இருந்தன. அந்த அம்மாள் போட்டோவை நீட்டிப் பிடித்துப் பனைமரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தாத்தாவின் பெயரைத் தங்கள் மொழியில் உரக்கச் சொன்னார். பிறகு என் பெயரைக் கேட்டார். மெய்யப்பன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தனக்கு இரண்டு பெயர் என்றும், பெற்றவள் வைத்தது மாமா சொல்லித்தான் தெரியும் என்றும் சொன்னார். "சோலை" என்றேன் உடனே. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ஷோலே, ஷோலே" என்று அவர் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாச்சியாபுரத்தில் ஆத்தா மாவுக் கையோடு ஓடிவந்து என்னை அப்படியே அள்ளிக்கொண்டாள். என் சட்டை முழுக்க அரிசிமாவு. அந்த அம்மாளை உள்ளே வரச்சொல்லி எவ்வளவோ கூப்பிட்டும் அவர் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏன் இறங்கவில்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகு புரிந்தது. அவரைப் போல எடுத்துப் போகப்பட்ட பிள்ளைகள் அந்த நாட்டில் ஏராளம் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பொங்கல் கழிந்து ஆத்தாவே என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். வாசலில் காத்து நின்ற பெரியாத்தாவை அன்றைக்குத்தான் முதன்முதலாக "ஆத்தா" என்றேன். அவர் "கை கால் கழுவிட்டுச் சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

இரண்டு ஆத்தாக்களும் இப்போது இல்லை. பெரிய வீட்டு ஆத்தாவுக்கு நான் கொள்ளி வைத்தேன். நாச்சியாபுரத்து ஆத்தாவுக்கு அண்ணன் வைத்தார். கொடுத்த பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாது. "மெய்யப்பா, நீ கொஞ்சம் அங்குட்டு நில்லு" என்று அண்ணனே சொன்னார், பாவம், முறையைத்தானே சொன்னார். நான் பங்காளிகளோடு பங்காளியாகத் தள்ளி நின்றேன். கடைசி வரைக்கும் என்னைச் சோலை என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான்.

போன வாரம் பொட்டலுக்குப் போனேன். தளத்தில் பாதி கருவேல முள்ளுக்குள் மறைந்துவிட்டது. போட்டோவில் இருந்த பனை எதுவென்று இப்போதும் தெரியவில்லை. அந்த அம்மாள் எங்கேயாவது உயிரோடு இருந்தால், என்னைச் சோலை என்று கூப்பிடக்கூடியவர் இனி அவர் ஒருவர்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, "சோலை" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பி, "யாரத் தேடுறீக?" என்று கேட்டாள்.

"இங்க ஒரு பய நின்னுக்கிட்டிருந்தான்" என்றேன்.

"நான் காலையிலேருந்து இங்கதான் இருக்கேன், யாரும் வரலையே" என்று சொல்லிவிட்டு அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.