நே என்றால்

எடிசனில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே டைனர் என்கிற சின்ன ஓட்டல் ஒன்று இருந்தது. நியூ ஜெர்சியில் டைனர் என்றால் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கிரேக்கர்கள்தான். சுவரெல்லாம் படங்கள்: இடிந்த தூண்களும், கையில் ஈட்டி பிடித்த ஒரு தேவியும். அதெல்லாம் கஸ்டமர்களுக்கு, எங்கள் சாமி கிச்சனில் இருக்கிறது என்பார் ஓனர். எட்டிப் பார்த்தால் அடுப்புக்கு மேலே மாதா படம், அதன் முன்னால் எண்ணெய் விளக்கு. எண்ணெய் மட்டும் ஆலிவ்.

தொண்ணூற்றேழில் என் மனைவிக்கு மூன்றாம் மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடை பாக்கியில்லாமல் அலைந்து ஊறுகாயாக வாங்கிக் குவித்தேன். ரசம் வைத்தால் தாளிக்கும்போதே பாத்ரூமுக்கு ஓடிவிடுவாள். இன்னும் எடை குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

"என்னை ஊருக்கு அனுப்பிடுங்க. அம்மா பக்கத்துல போய்ப் படுத்துக்கறேன்" என்றாள்.

"இருபது மணி நேரம் ஃப்ளைட்டு. டாக்டர் ஃப்ளை பண்ணக் கூடாதுன்னு சொன்னது காதுல விழலையா?" என்று கத்தினேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்தக் காலத்தில் நான் கொஞ்சம் கஷ்டமான ஆசாமி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேருமே பிறந்ததிலிருந்து சைவம். அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் பேசாத நாள் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிப்பேன். ஒரு நண்பர் வீட்டில் கோழிக் குழம்புக் கரண்டியை சாம்பாரில் போட்டுவிட்டார்கள் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போக மனசில்லாமல் டைனரில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்து ஓனர் என்னவென்று கேட்டார். சொன்னேன். உடனே கிச்சனிலிருந்து தன் அம்மாவை அழைத்தார். தலை முதல் கால் வரை கறுப்பு உடை. கணவர் போனதிலிருந்து கறுப்பைத் தவிர வேறு கட்டுவதில்லையாம். மகன் கிரேக்கத்தில் சொல்லச் சொல்லக் கேட்டவர், என் தோள் பக்கம் திரும்பி "ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ" என்று மூன்று முறை துப்புகிற மாதிரி செய்தார். வேறு யாராவது என்றால் சண்டைக்குப் போயிருப்பார்கள். திருஷ்டி கழிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே அவரை நம்பிவிட்டேன்.

உள்ளே போய் ஒரு டப்பாவில் சூப் கொண்டுவந்தார். வெளிர் மஞ்சள், குழைந்த சோறு, கமகமவென்று எலுமிச்சை. ஓனர் வேறு மேஜைக்குப் போயிருந்ததால் அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"மீட்?"

"நே" என்றார், சிரித்துக்கொண்டே.

இங்கிலீஷில் நோ, இந்தியில் நஹீ, கிரேக்கத்தில் நே. எனக்கு மொழியறிவு கொஞ்சம் அதிகம்.

"கறி கிடையாதாம், கேட்டுட்டேன்" என்று சொல்லித்தான் கிண்ணத்தில் ஊற்றினேன். ஒரு ஸ்பூன் குடித்தாள். காத்திருந்தோம். இன்னொரு ஸ்பூன். கிண்ணம் காலியானது, வாந்தி வரவில்லை. அப்படியே சோபாவில் தூங்கிப் போனாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பத்து நாள் தினமும் வாங்கிவந்தேன். கன்னத்தில் லேசாகச் சதை தெரிந்தது. பதினோராம் நாள் கல்லாவருகே நின்றிருந்தபோது, ஓனர் உள்ளே பார்த்து ஏதோ கத்தினார். "நே, நே" என்று பதில் வந்தது. அடுத்த நிமிஷம் மகன் கேட்டதை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வந்துவிட்டார்.

"முடியாதுன்னு சொல்லிட்டுச் செய்றாங்களே?" என்று ஓனரிடம் இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் மொழியில் நே என்றால் ஆமாம் என்றார்.

சூப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கோழியை மணிக்கணக்காக வேகவைத்து, வடிகட்டி, முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றுவார்கள், நோயாளிக்கு அதைவிட நல்லது கிடையாது என்றார் பெருமையாக.

அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். கிண்ணமும் ஸ்பூனும் எடுத்து வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கடை லீவு என்று சொல்லிவிடலாம் என்றுதான் படியேறினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த அம்மா கிட்ட மறுபடியும் போய்க் கேளுங்க" என்றாள்.

"என்னன்னு?"

"அதே கேள்விதான். மீட் இருக்கான்னு. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே வந்து சொல்லுங்க. அர்த்தம் சொல்ல வேண்டாம்."

"தெரிஞ்சுமா குடிக்கப் போறே?" என்றேன்.

"எனக்குப் பசிக்குதுங்க" என்றாள். "பத்து நாளா பாப்பாவும் இதைத்தான் குடிச்சிருக்கு. உள்ள போனதை இனிமே எடுக்க முடியாது."

ரோட்டைத் தாண்டி ஓடினேன். கேட்டேன். அந்த அம்மா சொன்னதை வந்து அப்படியே சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். ஆனால் ஸ்பூன் வாய்க்குப் போகவில்லை. நேற்றுவரை தெரியாமல் குடித்தாள். இப்போது தெரிந்து குடிக்க வேண்டும், அதுவும் தன்னந்தனியாக.

நான் உள்ளே போய் எனக்கு ஒரு ஸ்பூன் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தேன். முதல் வாயை நான் குடித்தேன்.