உள்ளறையில் வளர்ந்த முளைப்பாரி

டெங்குக் காய்ச்சலில் மகள் போனபோது அவளுக்கு இருபத்தொரு வயது. மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டேன். நான்காம் நாள் மகளின் உடலோடு கொடகவெலவுக்கு மேலே இருக்கும் நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினோம்.

தொழிலாளர் லயத்து வீட்டில் அவள் படுத்த உள்ளறையைப் பூட்டினேன். கோயிலுக்குப் போவதையும் விட்டேன். கொழுந்தெடுக்கப் போகும் வழியில் மற்ற பெண்கள் கோயில் முன்னால் நின்று கும்பிடுவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

வருசம் திரும்பியது. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பூசாரியின் மனைவி வந்தாள். முளைப்பாரி வளர்க்கும் அவள் வீடு மழையில் ஒழுகியதாம்.

"அக்கா, வெளிச்சம் படாத எடம் வேணும். உங்க உள்ளறையத் தர்றீங்களா?"

"அம்மன் எனக்கு என்ன செஞ்சா, நான் எடம் குடுக்க?"

"அத அவகிட்டயே கேளுங்க. எனக்குப் பதில் தெரியாதுக்கா."

என் கணவர் சாவியை எடுத்து நீட்டினார். "குடு. புள்ள இருந்தா அவளே சட்டியத் தூக்கி வச்சிருப்பா."

உள்ளறையில் வைத்த ஒன்பது முளைப்பாரிச் சட்டிகளுக்கும் தண்ணீர் தெளிப்பது என் வேலையானது. முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு, "என் புள்ளைய ஏன் எடுத்த?" என்று கத்தினேன். மறுநாளும் கேட்டேன். மூன்றாம் நாள் பயறு முளைவிட்டிருந்தது. கேட்க வந்ததை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பெண்கள் சட்டிகளைச் சுற்றிக் கும்மி கொட்டினார்கள். எந்தப் பாட்டில் என் கையும் சேர்ந்ததென்று தெரியவில்லை.

திருவிழாவன்று ஒரு சட்டியை என் தலையில் ஏற்றினார்கள். தப்பு மேளச் சத்தத்தோடு ரோட்டில் இறங்கியபோது, சாவு வீட்டில் என் பக்கத்திலேயே இருந்த சிங்களக் கடைக்கார அம்மா ஓடிவந்து, "ஹொந்தய் நங்கி, ஹொந்தய்; நல்லது தங்கச்சி" என்று என் கையைத் தடவிச் சிரித்தார்.

மறுநாள் மஞ்சள் நீர் விளையாட்டு. வருசம் முழுக்கப் பேச்சைக் குறைத்திருந்த என் கணவர் பின்னாலிருந்து ஒரு வாளி மஞ்சள் தண்ணீரை என் தலையில் கொட்டிவிட்டு ஓடினார். நானும் வாளியோடு துரத்தினேன். அவர் சேற்றில் வழுக்கி உட்கார்ந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சட்டென்று பயம் வந்தது. நான் இப்படிச் சிரிக்கலாமா?

ஈரத்தோடு அம்மன் முன்னால் போய் நின்றேன். அன்றைக்குக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. "வந்துட்டேன் தாயே" என்றேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் பூசாரியின் மனைவியும் கோயிலில் உட்கார்ந்து மாலை கட்டுகிறோம். சில நாள் மகளை நினைத்து அழுவேன். சில நாள் நாங்கள் பேசிச் சிரிக்கிற சத்தத்தில், "மந்திரம் மறந்துபோகுது, கொஞ்சம் சும்மா இருங்க" என்று பூசாரி உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.